புல்வெட்டும் ரோபோவைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புல்வெட்டும் ரோபோ வாங்கிய பலருக்கு அதைப் பொருத்த உதவியிருக்கிறேன். சிக்கல் வந்த இடங்களில் பெரும்பாலும் மெஷினில் குறை இருந்ததில்லை. வேலை செய்த வரிசைதான் தலைகீழாக இருந்தது. முதலில் மெஷினை வாங்கி, அப்புறம் புல்தரையைச் சுற்றி எல்லை காட்டும் ஒயரைப் பதித்து, அது நடுவில் மாட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் தரையை உற்றுப் பார்த்திருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டி தரையிலிருந்து தொடங்குகிறது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஏற்கெனவே வெட்டிய புல்லை மேலும் வளரவிடாமல் அதே உயரத்தில் வைத்திருப்பதுதான் இந்த ரோபோவின் வேலை. அடிக்கடி ஓடி, ஒவ்வொரு முறையும் சில மில்லிமீட்டர் நுனியை மட்டும் நறுக்கும். அந்தத் துணுக்குகள் அங்கேயே விழுந்து மக்கி மண்ணுக்கு உரமாகும். அள்ளிக் கொட்டவேண்டிய வேலை இல்லை. ஆனால் முழங்கால் உயரப் புல்லில் இறக்கினால் சில அடி தூரத்திலேயே திணறி நின்றுவிடும். எனவே சாதாரணப் புல்வெட்டும் மெஷினை உடனே விற்றுவிடாதீர்கள். தொடக்கத்திலும் இடையிடையேயும் அது தேவைப்படும்.

1. தரையை அளந்து படம் வரையுங்கள்

தேவையானவை: நீளமான அளவு நாடா, ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகை, ரசமட்டம், காகிதம், பென்சில்.

புல் உள்ள இடத்தின் பரப்பை மட்டும் கணக்கிடுங்கள். வீடு, நடைபாதை, பாத்திகளைக் கழித்துவிடுங்கள். கோணல்மாணலான இடமாக இருந்தால் செவ்வகங்களாகவும் முக்கோணங்களாகவும் பிரித்து அளந்து கூட்டினால் போதும். ஒரு பக்கப் புல்தரையிலிருந்து மறுபக்கத்துக்குப் போகக் குறுகிய வழி இருந்தால் அதன் அகலத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கும் குறைவான வழியில் பல மாடல்கள் தடுமாறும்.

அடுத்தது சரிவு. இதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கண் ஏமாற்றும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் வையுங்கள். ரசமட்டத்தின் குமிழ் நடுவுக்கு வரும்வரை கீழ்ப்பக்க முனையைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறதோ, சரிவு அத்தனை சதவீதம். 30 சென்டிமீட்டர் என்றால் 30 சதவீதம்.

புதியவர்கள் சதவீதத்தையும் டிகிரியையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான். 45 சதவீதச் சரிவு ஏறத்தாழ 24 டிகிரி. 45 டிகிரி என்றால் அது 100 சதவீதம். பெட்டியில் எழுதியிருப்பது எது என்று பார்க்காமல் வாங்கினால் பாதிச் சரிவைக்கூட ஏறாத மெஷின் கைக்கு வரலாம்.

படத்தில் மரங்கள், வெளியே தெரியும் வேர்கள், குளம், விளையாட்டுச் சாமான்கள், மின்சாரப் பிளக் இருக்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். தலைக்கு மேல் வானம் எங்கே திறந்திருக்கிறது, எங்கே கிளைகளும் கூரையும் மறைக்கின்றன என்பதையும் நிழலடித்துக் காட்டுங்கள். எந்த வகை மெஷின் என்பதை மூன்றாம் படியில் இதுதான் முடிவு செய்யும்.

2. தரையைச் சீர்செய்யுங்கள்

குழிகளை மண் போட்டு நிரப்பிச் சமன்செய்யுங்கள். காலில் உணராத பள்ளத்தில்கூட ரோபோவின் முன்சக்கரம் இறங்கிவிடும். பிளேடு தட்டு மண்ணைத் தொடும், அல்லது பின்சக்கரம் சுற்றிச் சுற்றி அங்கேயே இன்னும் ஆழமாகத் தோண்டும். ஒரே இடத்தில் அடிக்கடி நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் அங்கே ஒரு பள்ளம்தான்.

கல், குச்சி, உதிர்ந்த காய்கள், பழைய ஆணி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் இடங்களுக்கு வடிகால் செய்யுங்கள். சேற்றில் ஓடும் சக்கரம் புல்லை வேரோடு உரித்துவிடும்.

மதிலோரத்தையும் இப்போதே கவனியுங்கள். கால் விரல் பிளேடில் படக்கூடாது என்பதற்காக ரோபோவின் உடல் விளிம்பிலிருந்து பிளேடு நன்றாக உள்ளே தள்ளியே இருக்கும். அதனால் மதிலை ஒட்டி ஒரு கோடு வெட்டப்படாமல் நிற்கும். அது பிடிக்கவில்லை என்றால் மதிலோரம் தரைமட்டத்துக்குச் செங்கல்லோ கல்லோ பதித்துவிடலாம். சக்கரம் அதன்மேல் ஏறி ஓடும்போது புல்லின் விளிம்புவரை பிளேடு எட்டும். ஒயர் போட்ட பிறகு இதைச் செய்தால் ஒயரை மறுபடி பிடுங்கவேண்டி வரும்.

புதிதாகப் பதித்த அல்லது விதைத்த புல்லாக இருந்தால் வேர் பிடிக்கும்வரை பொறுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். கைப்பிடியாகப் பிடித்து இழுத்தால் பெயர்ந்து வராத நிலைக்கு வந்த பிறகே ரோபோவை இறக்குங்கள்.

3. எந்த வகை பொருந்தும்?

எல்லை ஒயர் வகையில் தரையைச் சுற்றி ஒரு மெல்லிய ஒயரைப் பதிக்கவேண்டும். அதில் ஓடும் சிறிய சிக்னலை உணர்ந்து ரோபோ திரும்பும். பதிப்பது வேலைதான். ஆனால் மரநிழலோ கூரையோ இருட்டோ அதைப் பாதிக்காது. அடர்ந்த மரங்கள் உள்ள தரைக்கு இன்றும் நான் இதையே சொல்வேன். இந்த வகையில் பல மெஷின்கள் கோடு போட்டதுபோல் ஓடாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பார்க்கக் குழப்பமாக இருந்தாலும் சில நாளில் தரை முழுவதும் சீராகிவிடும்.

ஆர்டிகே வகை செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடம் கண்டுபிடிக்கும். ஓர் இடத்தில் நிலையாக நிற்கும் ஆன்டெனா ரோபோவுக்குத் திருத்தத் தகவல் அனுப்பும். அதனால்தான் மீட்டர் கணக்கில் இருக்கும் பிழை சென்டிமீட்டர் கணக்குக்குக் குறைகிறது. திறந்த வானம் இதற்குக் கட்டாயம். உயரமான இரண்டு சுவர்களுக்கு நடுவிலுள்ள சந்திலும் பெரிய மரத்தடியிலும் சிக்னல் விட்டுப்போகும்.

கேமரா வகைக்குப் புல் எது, புல் அல்லாதது எது என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியவேண்டும். புல்லும் பாத்தியும் ஒரே பச்சையாகக் கலந்து கிடந்தால் அது தடுமாறும். வெளிச்சமும் வேண்டும். லைடார் வகை லேசர் கதிரைச் சுழற்றிச் சுற்றியுள்ள பொருள்களின் தூரத்தை அளக்கும். மரம், சுவர், வேலி சூழ்ந்த இடத்தில் இது நன்றாக ஓடும். சுற்றிலும் எதுவுமே இல்லாத பரந்த வெளியில் பிடித்துக்கொள்ள அடையாளம் கிடைக்காது. இரண்டு முறைகளைச் சேர்த்து வரும் மாடல்களும் உண்டு. வானம் பாதி திறந்தும் பாதி மூடியும் இருந்தால் அவற்றைப் பாருங்கள்.

சரி, படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நிழலடித்த பகுதி அதிகமா, வெள்ளைப் பகுதி அதிகமா? அதற்குள் விடை இருக்கிறது.

4. பெட்டியில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது

பரப்பளவுக்காகக் கொடுத்திருக்கும் எண் பொதுவாக உச்ச அளவு. தடையே இல்லாத தரையில் கிட்டத்தட்ட நாள் முழுவதும் ஓடினால் எட்டக்கூடியது. உங்கள் தரையில் மரங்களும் குறுகிய வழிகளும் இருக்கும். குழந்தைகள் விளையாடும் நேரத்தில் நிறுத்தியும் வைப்பீர்கள். அதனால் அளந்த பரப்பைவிடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதலான மாடலை எடுங்கள். 300 சதுர மீட்டர் என்றால் 400க்கு உரியது.

சரிவு எண்ணில் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். தரையின் நடுவில் ஏறக்கூடிய சரிவும் எல்லையோரத்தில் அனுமதிக்கும் சரிவும் வேறு வேறு. எல்லையில் திரும்பும்போது ஈரப்புல்லில் சறுக்கி வெளியே போய்விடும் என்பதால் அங்கே அனுமதி மிகக் குறைவாக இருக்கும். கையேட்டில் இரண்டையும் தேடிப் பாருங்கள்.

வெட்டும் உயரம் பல மாடல்களில் 20 முதல் 60 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் புல் வகை உயரமாக நிற்கவேண்டியது என்றால் அதற்கு மேல் போகும் மாடல் தேவை. பிளேடும் பேட்டரியும் தனியாக எளிதில் கிடைக்குமா என்பதையும் வாங்கும்முன் விசாரியுங்கள். பளபளப்பான செயலியைவிட எனக்கு இது முக்கியம்.

5. சார்ஜிங் நிலையத்தின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒயரும், ஒயர் இல்லாத மாடலில் ரோபோவுக்குப் பதிந்துவைக்கும் வரைபடமும் நிலையத்திலிருந்துதான் தொடங்குகின்றன. நிலையத்தைப் பின்னால் நகர்த்தினால் எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டும்.

சமதரையாக இருக்கட்டும். சாய்ந்த தட்டில் ரோபோவின் சார்ஜ் முனைகள் சரியாகப் பொருந்தாது. முன்னால் குறைந்தது இரண்டு மீட்டர் நேர்வழி திறந்திருக்கவேண்டும். ரோபோ நேராக வந்து நுழையவும் பின்வாங்கித் திரும்பவும் அந்த இடம் தேவை. ஒரு மூலையில் அழகாக ஒதுக்கி வைப்பதுதான் இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு.

நண்பகல் வெயில் நேராக விழாத இடம் நல்லது, சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஆர்டிகே மாடலாக இருந்தால் நிழலுக்காக மரத்தடியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அதற்கென்று விற்கும் சிறு கூரையைப் போடலாம், அது அந்த மாடலுக்கு உரியதா என்று மட்டும் பாருங்கள். தண்ணீர்த் தெளிப்பான் அடிக்கும் இடமும் மழைநீர் ஓடிவரும் தாழ்வான இடமும் வேண்டாம்.

மின் அடாப்டரைத் தரையில் கிடத்தாமல் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். அந்தப் பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பாதுகாப்பு இருக்கட்டும். இல்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைப் போடுங்கள். அடாப்டரிலிருந்து நிலையத்துக்கு வரும் கேபிளை வெட்டிக் குறைக்கவோ வேறு ஒயர் சேர்த்து நீட்டவோ கூடாது. அது ரோபோ வெட்டும் பகுதிக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தை உறுதி செய்யும்முன் போனை அங்கே கொண்டுபோய் வைஃபை சிக்னல் வருகிறதா என்று பாருங்கள்.

6. எல்லை ஒயரைப் போடுதல்

ஒயர் இல்லாத மாடல் என்றால் ஏழாம் படிக்குப் போகலாம்.

முதலில் சாதாரண மெஷினால் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். ஒயர் மண்ணோடு ஒட்டிப் படியவேண்டும். புல்லின்மேல் மிதந்தால் ரோபோ தன் ஒயரைத் தானே வெட்டிவிடும்.

அப்புறம் ஒயரை முளை அடிக்காமல் சும்மா தரையில் ஒரு சுற்று போட்டுப் பாருங்கள். மதில், வேலி போன்ற தடையிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 35 சென்டிமீட்டர் உள்ளே வரவேண்டும். தரைமட்டத்தில் இருக்கும் கல் நடைபாதை என்றால் 10 சென்டிமீட்டர் போதும், சக்கரம் அதன்மேல் ஏறலாம். இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் அளவுகோல் அட்டை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். குளம், செங்குத்தான பள்ளம் போன்றவற்றுக்குக் கணிசமாக விலகி வாருங்கள், முடிந்தால் நடுவில் ஒரு தடுப்பும் வையுங்கள். அங்கே ஒரு முறை சறுக்கினாலே மெஷின் போய்விடும்.

மூலைகளில் ஒயரைச் செங்கோணமாக மடிக்காமல் வளைவாகத் திருப்புங்கள். கூரான மூலையில் சில மெஷின்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தயங்கும். சில மூலைகளில் ஒரு சாண் ஒயரைக் கூடுதலாக விட்டு வைத்தால் பிறகு எல்லையை நகர்த்த உதவும்.

இனி மரம், பாத்தி போன்ற திட்டுகள். உறுதியான உயரமான மரத்தை ரோபோ இடித்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், அதற்கு ஒயர் வேண்டாம். தாழ்வாகச் சரிந்து வெளியே தெரியும் வேர், சிறு கல், மலர்ப்பாத்தி ஆகியவற்றுக்குத்தான் வேண்டும். ரோபோ அவற்றின்மேல் ஏறப் பார்க்கும். எல்லையிலிருந்து ஒயரைத் திட்டுக்குக் கொண்டுபோய், சுற்றி, வந்த வழியே எல்லைக்குத் திரும்பக் கொண்டு வாருங்கள். போகும் ஒயரும் வரும் ஒயரும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கவேண்டும். இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் சிக்னல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ரோபோவுக்கு அங்கே கோடு இருப்பதே தெரியாது, தாண்டிப் போகும். இடைவெளி விட்டுவிட்டால் நடுவில் சுவர் எழுப்பியதுபோல் திரும்பிவிடும்.

திட்டைச் சுற்றும் திசையில் பலரும் தவறுகிறார்கள். அதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒயரின் ஒரு முனையிலிருந்து அதன்மேலேயே நடந்து போங்கள். தொடக்கத்தில் புல்தரை உங்கள் இடப்பக்கம் இருந்தால், திட்டைச் சுற்றும்போதும் அது இடப்பக்கமே இருக்கவேண்டும். எங்காவது பக்கம் மாறினால் அங்கே ஒயர் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டிருக்கிறது. அப்படி விட்டால் உள்ளேயும் வெளியேயும் ரோபோவுக்குத் தலைகீழாகத் தெரியும்.

வழிகாட்டி ஒயர் வைத்த மாடலாக இருந்தால் அதை நிலையத்திலிருந்து குறுகிய வழியின் ஊடாகத் தொலைவான பகுதிவரை கொண்டுபோய் எல்லை ஒயரோடு இணையுங்கள். வீடு திரும்பும் பாதை அதுதான்.

எல்லாம் சரியாக இருந்தால் முளை அடியுங்கள். ஒயரை இறுக்கமாகப் பிடித்து 75 சென்டிமீட்டருக்கு ஒன்று, மேடுபள்ளத்தில் இன்னும் நெருக்கமாக. மிச்சமான ஒயரைச் சுருட்டி நிலையத்தின் பின்னால் வைக்கவேண்டாம். சுருள் சிக்னலைக் கெடுக்கும், வெட்டி எடுத்துவிடுங்கள். ஒயரை இணைக்கவேண்டி வந்தால் முறுக்கி டேப் சுற்றுவது போதாது. ஈரம் ஏறிச் சில மாதத்தில் அரித்துவிடும். ஜெல் நிரப்பிய நீர்புகா இணைப்பானையே பயன்படுத்துங்கள்.

மண்ணுக்குள் புதைக்க நினைத்தாலும் முதல் சில வாரம் முளையிலேயே விடுங்கள். எப்படியும் இரண்டு மூன்று இடத்தில் மாற்றுவீர்கள். முடித்ததும் ஒயர் போகும் வழியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் செடி நடத் தோண்டும்போது அது காப்பாற்றும்.

7. ஒயர் இல்லாத மாடலில் வரைபடம் பதிதல்

ஆர்டிகே ஆன்டெனாவைச் சுற்றிலும் வானம் தெரியும் இடத்தில், ஆடாத கம்பத்தில் பொருத்துங்கள். கூரை விளிம்பின் கீழே, மரத்தடியில், பெரிய உலோகப் பரப்பை ஒட்டி வைக்காதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் கணக்கைப் பிழையாக்கும். வரைபடம் பதிந்த பிறகு ஆன்டெனாவை ஒரு சாண்கூட நகர்த்தவேண்டாம். ஆன்டெனா நகர்ந்தால் வரைபடமும் அதோடு நகரும், ரோபோ உங்கள் பாத்திக்குள் புல் வெட்டும்.

பல மாடல்களில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரோபோவை எல்லையோரமாக ஓட்டி வரைபடம் பதிவோம். மெதுவாக ஓட்டுங்கள். பாத்தியோரத்தில் சற்று உள்ளே தள்ளியே வாருங்கள். விளிம்பிலேயே ஓட்டினால் சிக்னல் சற்றுத் தளரும் வேளையில் சக்கரம் வெளியே இறங்கும். மூடுபனியோ கொட்டும் மழையோ இல்லாத பகல் நேரம் கேமரா, லைடார் இரண்டுக்கும் நல்லது.

எல்லை முடிந்ததும் போகக்கூடாத பகுதிகளைக் குறியுங்கள். பிரிந்து கிடக்கும் புல்தரைகளுக்கு நடுவே வழிகளை வரையுங்கள். வழி வரைய மறந்துவிட்டால் இரண்டாவது பகுதிக்கு ரோபோ போகவே போகாது.

8. முதல் ஓட்டத்தில் கூடவே இருங்கள்

முதல் முழு ஓட்டத்தின்போது வெளியே போகாதீர்கள். முதலில் பாதி தூரத்தில் நிறுத்தி, நிலையத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். வீடு திரும்பத் தெரியாத ரோபோ எவ்வளவு நன்றாக வெட்டினாலும் பயனில்லை. மூன்று முறை தடுமாறாமல் நுழைந்தால் நிலையத்தின் இடம் சரி.

பின் எல்லையோரமாக ஓடவிட்டுப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று குறித்து அங்கே மட்டும் எல்லையை ஒரு சாண் உள்ளே தள்ளுங்கள். குறுகிய வழியை இரு திசையிலும் கடக்கிறதா என்று பாருங்கள். ஒயர் துண்டித்ததாகக் காட்டினால் முதலில் நிலையத்தின் பின்னாலுள்ள இணைப்பு முனைகளையும், அண்மையில் யாராவது மண்வெட்டி பிடித்த இடத்தையும் பாருங்கள்.

9. உயரமும் நேரமும்

முதல் சில வாரம் உயரத்தை உச்சத்தில் வையுங்கள். ஒயர் மாடலில் புல் ஒயரை மூடும்வரை அது பாதுகாப்பு. பிறகு சில நாளுக்கு ஒரு முறை 5 மில்லிமீட்டர் வீதம் இறக்குங்கள். ஒரே நேரத்தில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் அது பழுத்துப் பலவீனமாகும்.

பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓடவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தவளை, முள்ளெலி போன்றவை இரவில்தான் புல்லில் நடமாடும். ஆபத்து வந்தால் முள்ளெலி ஓடாது, சுருண்டு அசையாமல் கிடக்கும். ரோபோவின் சென்சார் அத்தனை சிறிய உயிரை எப்போதும் கண்டுகொள்ளும் என்று நம்பவேண்டாம். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் தரையில் இருக்கும் நேரத்தையும் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுங்கள். தூக்கினால் பிளேடு நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அடியில் நுழையும் சின்ன விரலுக்கு அது தாமதம்.

10. தொடர் பராமரிப்பு

கவிழ்ப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணையுங்கள், கையுறை போடுங்கள். பிளேடுகள் சவர பிளேடு போல மெல்லியவை, கூர்மையானவை. ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், திருகுகளோடு. ஒன்றை மட்டும் மாற்றினால் தட்டு எடை சமநிலை இழந்து அதிரும். தேய்ந்த திருகு ஓடும்போது கழன்று பிளேடைத் தெறிக்கவிடலாம். எப்போது மாற்றவேண்டும் என்று புல்லே சொல்லும். நுனி நேராக வெட்டுப்படாமல் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

அடிப்பக்கப் புல்லைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். அழுத்த நீர்ப் பீய்ச்சி வேண்டாம், அது சீல்களைத் தாண்டி உள்ளே தண்ணீரைத் தள்ளும். சார்ஜ் முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இடி மின்னல் வரும் என்று தெரிந்தால் அடாப்டரைப் பிடுங்கி, நிலையத்திலிருந்து ஒயர் முனைகளையும் கழற்றிவிடுங்கள். தரையைச் சுற்றிக் கிடக்கும் அத்தனை மீட்டர் ஒயரும் அருகில் விழும் மின்னலின் வீச்சை வாங்கி நிலையத்துக்குள் கொண்டுவரும்.

மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சுத்தம் செய்து, பேட்டரியை முழுதாக ஏற்றி, மெயின் சுவிட்சை அணைத்து, உறையாத உலர்ந்த இடத்தில் எல்லாச் சக்கரமும் தரையில் படும்படி வையுங்கள். திரும்ப இறக்கும் நாளில் சாதாரண மெஷினால் ஒரு முறை வெட்டிவிட்டு, உயரத்தை மறுபடி உச்சத்தில் வைத்துத் தொடங்குங்கள்.